குழந்தைகள் வார்டிலிருந்து தொடங்குங்கள்: டெல்டாவில் புதிதாகச் சேரும் செவிலிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகள் நலச் செவிலியத்தில் எம்.எஸ்சி. முடித்து, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதியது இது. சேர்ந்த மாதமே பாடம், ஆய்வு, சேவை என்று மூன்று பொறுப்பு கையில் வந்து விழும். மூன்றையும் மூன்று இடத்தில் வைத்து ஓடினால் ஒன்றும் உருப்படாது. பாடம் எந்த வார்டில் நடக்கிறதோ அந்த வார்டிலேயே ஆய்வுக் கேள்வியையும் தேடுங்கள். அந்த வார்டுக்கு நோயாளிகளை அனுப்பும் கிராமங்களிலேயே சேவையையும் வையுங்கள். வரிசையும் முக்கியம்: முதலில் வார்டு, அடுத்து பாடம், அதன் பிறகுதான் ஆய்வு. வார்டில் கால் ஊன்றாமல் ஆய்வு தொடங்குகிறவரின் கேள்வி பெரும்பாலும் புத்தகத்திலிருந்துதான் வரும். அதன் விடை எந்தக் குழந்தைக்கும் பயன்படாது.

முதல் இரண்டு வாரம், மாணவிகள் இல்லாமல்

நர்சிங் சூப்பிரண்டிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, காலை டியூட்டி மாறும் நேரத்துக்கு வார்டுக்குப் போய்விடுங்கள். இன்சார்ஜ் சிஸ்டரோடு ஒவ்வொரு கட்டிலாக நடந்து ஹேண்டோவர் கேளுங்கள். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற பெரிய இடமானாலும் தாலுகா மருத்துவமனையானாலும், முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியவை இவைதான்: எடை இயந்திரம் எது, பூஜ்யத்தில் நிற்கிறதா, வார்டு ஸ்டாக்கில் உள்ள ஒவ்வொரு மருந்தின் செறிவு என்ன, டிரிப் செட் மைக்ரோவா, சாதாரணமா, மூச்சூட்டும் அம்பு பேக் எத்தனை அளவில் இருக்கிறது, மாஸ்க் 0, 1 அளவு இரண்டும் உண்டா, பேக்கின் வாயை உள்ளங்கையால் அடைத்து அழுத்தினால் காற்று கசியாமல் தாங்குகிறதா.

இந்த இரண்டு வாரத்தில் பாடம் எடுக்காதீர்கள், திருத்தவும் திருத்தாதீர்கள். இரவு டியூட்டியில் 30 குழந்தைகளுக்கு ஒரு சிஸ்டர் என்று ஓடுகிற இடத்தில், புதிதாக வந்தவர் முதல் நாளே குறை சொன்னால் பிறகு அந்த வார்டில் உங்கள் மாணவிக்கு ஒரு கானுலா (நரம்பில் ஏற்றும் சிறுகுழாய்) போடக்கூடக் கை கிடைக்காது. வேலையில் கூட நில்லுங்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள், டிரிப் மாற்றுங்கள், டிஸ்சார்ஜ் ஆகும் அம்மாவுக்கு மருந்து விளக்குங்கள். சேவை என்ற பொறுப்பு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் குழந்தைகள் நலச் செவிலியம் 5, 6-ஆம் செமஸ்டர்களில் வருகிறது. 5-ஆம் செமஸ்டரில் வகுப்பு 60 மணி, ஸ்கில் லேப் 40 மணி, கிளினிக்கல் 160 மணி. 6-ஆம் செமஸ்டரில் வகுப்பு 40 மணி, கிளினிக்கல் 80 மணி. கிளினிக்கலில் 10 மாணவிக்கு ஒரு ஆசிரியர். 60 பேர் கொண்ட வகுப்பு என்றால் ஆறு குழு. அத்தனை பேருக்கும் நீங்கள் ஒருவரே வார்டில் நிற்க முடியாது. ஆகவே செமஸ்டர் தொடங்கும் முன்பே டியூட்டர்களுடன் உட்கார்ந்து, எந்தக் குழு எந்த வாரம் எங்கே என்று எழுதி, அதன் நகலை வார்டு இன்சார்ஜிடமும் கொடுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது பச்சிளங்குழந்தைப் பிரிவில். அங்கே கிடைக்கும் நாட்கள் குறைவு. ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் உள்ளே விட்டால் தொற்று அபாயமும் கூடும். அதனால் ஒரு குழுவை நான்கு, மூன்று, மூன்று என்று பிரித்து, மீதிப் பேரை பாலூட்டும் அறை, கங்காரு பராமரிப்பு (குழந்தையை அம்மாவின் மார்பில் தோலோடு தோல் பட வைத்திருப்பது) அறை, பிரசவ அறையின் பச்சிளங்குழந்தை மூலை என்று சுழற்றுங்கள். பிறந்த குழந்தைக்கு மூச்சூட்டும் பயிற்சியை ஸ்கில் லேபிலேயே முடித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்: பிறந்த 60 நொடிக்குள் முதல் மூச்சு, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை, மார்பு உயர்கிறதா என்று கண் அங்கேயே. மார்பு உயரவில்லை என்றால் பெரும்பாலும் மாஸ்க் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது தலை அதிகம் மடிந்தோ நிமிர்ந்தோ இருக்கிறது. பேக்கை இன்னும் வேகமாக அழுத்துவதுதான் மாணவிகள் உடனே செய்வது. அது நுரையீரலுக்குள் போகாமல் வயிற்றை ஊதவைக்கும்.

எடை, மில்லி, துளி

குழந்தைகள் வார்டில் நடக்கும் மருந்துத் தவறுகளில் பல, எடை போடும் இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ஆகவே மற்ற பாடம் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். கைக்குழந்தை என்றால் துணி கழற்றி, அரைஞாண் தாயத்து நீங்கலாக வேறெதுவும் இல்லாமல், இயந்திரம் பூஜ்யத்தில் இருக்கும்போது எடை போட வேண்டும். மழைக்காலத்தில் துண்டோடு வைத்து எடை போட்டுவிட்டுத் துண்டின் எடையைக் கழிக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது.

பாரசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். 6 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 90 மி.கி. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மி.கி. இருக்கும், அப்படியானால் 0.9 மில்லி. சிரப் 5 மில்லிக்கு 125 மி.கி. என்றால் 3.6 மில்லி. 250 மி.கி. சிரப் என்றால் 1.8 மில்லி. மருந்துச் சீட்டில் '3.6 மில்லி' என்று மட்டும் எழுதியிருந்து, கடையில் சொட்டு மருந்துப் புட்டி கிடைத்துவிட்டால் குழந்தைக்குள் 360 மி.கி. போகும், கொடுக்க வேண்டியதைப்போல நான்கு மடங்கு. மூன்று புட்டிகளையும் வாங்கி வகுப்பு மேசையில் வையுங்கள். ஒவ்வொரு மாணவியும் லேபிளைப் படித்து, கணக்குப் போட்டு, 1 மில்லி அல்லது 5 மில்லி சிரிஞ்சில் இழுத்துக் காட்டட்டும். அளவை எப்போதும் மி.கி., செறிவு, மில்லி என்று மூன்றாக எழுதும் பழக்கம் அன்றே வரவேண்டும்.

டிரிப்பும் அப்படித்தான். மைக்ரோ செட்டில் 1 மில்லிக்கு 60 துளி. அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை துளி. 10 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லி என்றால் மணிக்கு ஏறக்குறைய 42 மில்லி, ஆகவே 42 துளி. அதே 42 துளியை 20 துளி செட்டில் விட்டால் மணிக்கு 126 மில்லி ஏறிவிடும். இரவில் மைக்ரோ செட் தீர்ந்து சாதாரண செட் மாட்டும்போதுதான் இது நடக்கும். செட் மாறினால் துளிக்கணக்கையும் மாற்றி, பாட்டிலில் நேரக்கோடு ஒட்ட வேண்டும் என்பதை மாணவி கையால் செய்து பழக வேண்டும்.

வாந்திபேதிக் கணக்கு டெல்டாவில் ஆண்டு முழுவதும் தேவைப்படும். ஓரளவு நீர்வற்றல் என்றால் கிலோவுக்கு 75 மில்லி ஓ.ஆர்.எஸ்., 4 மணி நேரத்தில். கடும் நீர்வற்றல் என்றால் கிலோவுக்கு 100 மில்லி ரிங்கர் லாக்டேட்: ஒரு வயதுக்குள் 30 மில்லி ஒரு மணி நேரத்திலும் 70 மில்லி ஐந்து மணி நேரத்திலும், ஒரு வயதுக்கு மேல் 30 மில்லி அரை மணியிலும் 70 மில்லி இரண்டரை மணியிலும். 7 கிலோ எடையுள்ள எட்டு மாதக் குழந்தைக்கு முதல் மணியில் 210, அடுத்த ஐந்து மணியில் 490. புஜச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்த, கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு இந்த வேகம் பொருந்தாது, இதயம் தாங்காது; அதைத் தனியாகக் கற்பியுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி., 14 நாள். பேதி நின்ற மூன்றாம் நாளே அம்மாக்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். "வீட்டுல எப்படிக் குடுப்பீங்க, எனக்கு ஒருதடவ செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேட்க மாணவிக்குச் சொல்லிக்கொடுங்கள். கூட அப்பாயியோ அம்மாச்சியோ நின்றால் அவரையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் மருந்து ஊற்றப்போவது பல நேரம் அவர்தான்.

புதன்கிழமை

தமிழ்நாட்டில் கிராமத் தடுப்பூசி நாள் புதன். வாரத்தில் ஒரு நாள் ஊருக்குப் போக முடியுமென்றால் அதைப் புதனிலேயே வையுங்கள். கிராம சுகாதார செவிலியருக்கு அன்று கூடுதல் கை வேண்டும், மாணவிகளுக்குப் பயிற்சி வேண்டும், உங்களுக்குப் பச்சிளங்குழந்தைகளின் அம்மாக்களைப் பார்க்க வேண்டும். ஒரே காலைப் பொழுதில் மூன்றும் முடியும்.

மாணவிகளுக்கு அங்கே முதலில் காட்ட வேண்டியது ஐஸ்பேக். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் வேக்சின் கேரியரில் வைத்தால் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) உறைந்து கெட்டுப்போகும். எடுத்து வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் நான்கு ஐஸ்பேக்கையும் கேரியரில் அடுக்க வேண்டும். கரைத்த பி.சி.ஜி., எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) மருந்துக் குப்பிகளில் கரைத்த நேரத்தை எழுதி, 4 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. ஊசி போட்டபின் அரை மணி உட்கார வைக்க வேண்டும். வயலில் வேலை இருக்கிறது என்று அம்மா எழுந்துவிடுவார். அந்த அரை மணியைத்தான் பாலூட்டல், எடைக்கோடு, இரும்புச்சத்து பற்றிப் பேசப் பயன்படுத்த வேண்டும். நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து பேசினால் அவரும் உட்காருவார்.

ஆய்வுக் கேள்வி

நம் கல்லூரிகளின் நூலகங்களில் அடுக்கி வைத்திருக்கும் ஆய்வேடுகளில் ஏராளமானவை ஒரே வார்ப்பு: அம்மாக்களிடம் அறிவு குறைவு, ஒரு பாடம் நடத்தினோம், மதிப்பெண் கூடியது. பாடம் நடத்திய கையோடு தேர்வு வைத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பது அதில் தெரியாது. முதல் ஆய்விலேயே குழந்தையிடம் அளக்கக்கூடிய ஒன்றை எடுங்கள்: கானுலா எத்தனை மணி நேரம் தாங்குகிறது, முதல் மணியில் பால் குடித்த குழந்தைகள் எத்தனை, டிஸ்சார்ஜ் ஆன அம்மா எத்தனை மில்லி இழுக்கிறார், கங்காரு பராமரிப்பு நாளுக்கு எத்தனை மணி நடக்கிறது.

கங்காரு பராமரிப்பையே எடுத்துக்கொள்வோம். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, பிறந்ததிலிருந்தே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. அதற்கு அடிப்படையான, இந்தியாவும் பங்கேற்ற, 2021-ல் வெளியான ஆய்வில் உடனடிக் கங்காரு பராமரிப்பு பெற்ற குழுவில் இறப்பு 12 விழுக்காடு, மற்றதில் 15.7. சான்று வலுவானது. நம் வார்டில் எட்டு மணி நேரம் ஏன் எட்டவில்லை என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது. சிசேரியன் வலியா, சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாத அறையா, சாயும் நாற்காலி போதவில்லையா, அப்பாவை உள்ளே விடவில்லையா?

அம்மாவிடம் "எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?" என்று மாலையில் கேட்டால் வரும் எண் நம்பத்தக்கதாக இராது. கட்டிலில் ஒரு தாள், பக்கத்தில் பேனா, சுவரில் கடிகாரம் வையுங்கள். குழந்தையை வைத்த நேரம், எடுத்த நேரம் இரண்டும் அப்போதே எழுதப்பட வேண்டும். எடையை ஒரே இயந்திரத்தில், ஒரே நேரத்தில், பால் கொடுக்கும் முன் பாருங்கள். எடை கூடுவதை கிராமாக மட்டும் எழுதாமல் நாளுக்கு, கிலோவுக்கு எத்தனை கிராம் என்று எழுதினால்தான் 1.4 கிலோ குழந்தையையும் 2.1 கிலோ குழந்தையையும் ஒப்பிட முடியும்.

எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு விகிதத்தை மதிப்பிடுவதற்கு, 50 விழுக்காடு என்று வைத்து 10 விழுக்காடு பிழை ஏற்றால் 96 பேர் வேண்டும். 5 விழுக்காடு பிழை என்றால் 384. முதல் ஆய்வுக்கு 96 போதும். ஐந்தில் ஒருவர் விடுபடுவார் என்று வைத்து 120 பேரைச் சேருங்கள்.

விடுபடுவதற்கு டெல்டாவில் தெளிவான காரணங்கள் உண்டு. தலைப்பிரசவம் என்றால் அம்மா தாய்வீட்டில் இருப்பார். நீங்கள் எழுதிவைத்தது மாமியார் வீட்டு முகவரியாக இருக்கும். இரண்டு முகவரியும், கணவர் எண்ணோடு பெண்ணின் அம்மா எண்ணும் வாங்குங்கள். சம்பா நடவு, தை அறுவடை நாட்களில் பகலில் வீடு பூட்டியிருக்கும்; மாலை ஐந்துக்குமேல் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கடைமடைப் பகுதிகளில் சாலையே இருக்காது, வார்டும் காய்ச்சல் குழந்தைகளால் நிரம்பி வழியும். தரவு சேகரிப்பை அந்த மாதங்களில் தொடங்காதீர்கள். பின்தொடர்தலை ஒன்றரை மாதத் தடுப்பூசி நாளோடு சேர்த்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. எந்த வீட்டில் இருந்தாலும் அந்த ஊசிக்குக் குழந்தையைக் கொண்டுவருவார்கள்.

அனுமதிகளுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு, மருத்துவமனை டீன் அல்லது கண்காணிப்பாளர், கிராமத்துக்குப் போவதென்றால் மாவட்டச் சுகாதார அலுவலர், அங்கன்வாடி என்றால் அந்தத் துறை என ஒவ்வொன்றும் தனி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரையுள்ள குழந்தையின் வாய்மொழி இசைவும், அதற்குமேல் 18 வரை எழுத்து இசைவும் வேண்டும். எந்தச் சிகிச்சை முறையையும் சோதித்துப் பார்க்கும் ஆய்வாக இருந்தால், முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பிறகு, தொடங்கிவிட்ட ஆய்வை அங்கே பதிய முடியாது. மாணவியின் ஆய்வேட்டுக்கும் இது பொருந்தும்.

ஒப்புதல் வாங்கும்போது ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பவரே ஒப்புதலும் கேட்டால் எந்த அம்மாவும் மறுக்கமாட்டார். மறுத்தால் கவனிப்பு குறையும் என்று பயப்படுவார். வேறொருவர் கேட்கட்டும். சொந்த மாணவிகளையே ஆய்வுக்கு உட்படுத்துவதிலும் இதே வில்லங்கம் இருக்கிறது.

ஆடிப்பெருக்குக்கு முன்

ஊர்ச் சேவைக்கு எல்லோரும் ஊட்டச்சத்துக் கண்காட்சி வைக்கிறார்கள். டெல்டாவில் அதைவிட அவசரமானது நீர். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், கல்லணை வழியாக ஆறு, வாய்க்கால் எல்லாம் நிரம்பி, பள்ளிப் பிள்ளைகள் குளிக்க இறங்கிவிடுவார்கள். ஆடி 18-க்குக் குடும்பமே ஆற்றங்கரைக்குப் போகும். ஆகவே ஜூலையில், ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளியில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சொல்ல வேண்டியது சுருக்கம்தான். தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். போகும் நொடிகள் திரும்பாது. மூச்சு இல்லையென்றால் முதலில் மூச்சு கொடுக்க வேண்டும், ஏனென்றால் மூழ்கியவருக்கு நின்றது மூச்சு. பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், மார்பின் மூன்றில் ஒரு பங்கு ஆழம். கூடவே ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பொம்மையில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் செய்யாமல் பயிற்சியை முடிக்காதீர்கள். காப்பாற்ற நீரில் குதிப்பதைவிடக் கயிறு, கழி, காலிக் குடம் நீட்டுவதே நல்லது என்பதையும் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அதே பயணத்தில் பாம்புக்கடியும். தரையில் பாய் போட்டுப் படுக்கும் பிள்ளையைக் கட்டுவிரியன் கடித்தால் பல்தடமே தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலி, இமை சரிவு என்று வரும். கட்டுப்போடுவது, கீறுவது வேண்டாம். கையையோ காலையோ அசையாமல் வைத்து உடனே மருத்துவமனை. மாணவிகளுக்கு மருத்துவமனைப் பக்கத்தைக் கற்பியுங்கள். பாம்புக்கடியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை: 2 மில்லி ரத்தம், புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயோ சோப்பில் கழுவிய குழாயோ தவறான விடை தரும். விஷமுறிவு மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே, ஏனெனில் பாம்பு செலுத்தும் விஷம் ஆளின் எடையைப் பார்ப்பதில்லை.

வாரத்தை அடுக்கும் விதம்

காலை நான்கு நாள் வார்டு, புதன் ஊர், பிற்பகல்களில் வகுப்பு. வெள்ளி பிற்பகல் இரண்டு மணி நேரம் ஆய்வுக்கு. கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் முதலில் பறிபோகும். விடுதி, விளையாட்டு விழா, இன்ஸ்பெக்ஷன் என்று குழுப் பொறுப்புகள் வந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு இரண்டு குழுவை நீங்களே முன்வந்து கேட்டு வாங்குங்கள். அவற்றில் ஒன்று மருத்துவமனையோடு தொடர்புள்ளதாக இருக்கட்டும். கையில் ஏற்கெனவே வேலை இருக்கும்போது மூன்றாவதை மறுப்பது எளிது.

வார்டில் ஒரு குழந்தை இறந்துபோகும் நாளும் வரும். அன்று அந்தக் குழுவுக்குப் பிற்பகல் வகுப்பு எடுக்காதீர்கள். கால் மணி நேரம் தனி அறையில் உட்கார வைத்து, என்ன நடந்தது, என்ன செய்யப்பட்டது என்று மருத்துவ வரிசையில் சொல்லுங்கள். நம்மால்தான் ஆனதோ என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் மாணவி அப்போதுதான் வாய் திறப்பாள். உறக்கமில்லாமல், சாப்பிடாமல் தொடர்ந்தால் கல்லூரியின் ஆலோசகரிடம் நீங்களே கூட்டிப் போங்கள்.

ஆய்வு முடிந்ததும் முடிவுகளை முதலில் வார்டுக்குக் கொடுங்கள்: தமிழில் ஒரு பக்கம், இன்சார்ஜ் சிஸ்டர் கையில், மருத்துவர் கையில் ஒரு நகல். கட்டுரையாக எழுதும்போது ஆசிரியர் வரிசையைத் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மாணவியின் ஆய்வேட்டிலிருந்து வருவது என்றால் முதல் பெயர் மாணவியுடையது. கேள்வியை வடிவமைப்பதிலோ தரவை அலசுவதிலோ பங்கு கொண்டு, கட்டுரையை எழுதித் திருத்துவதிலும் உழைத்த வார்டு சிஸ்டரின் பெயர் நன்றி வரியில் நின்றுவிடக் கூடாது, ஆசிரியர் பட்டியலில் வரவேண்டும்.